வீட்டில் தைத்த ஸ்பைடர்மேன் உடை: லைக்ராவா, பனியன் துணியா, பழைய சட்டையா?

பள்ளி ஆண்டுவிழாவும் மாறுவேடப் போட்டியும் நெருங்கினால் சேலத்துத் தையற்கடைகளுக்குக் கட்டபொம்மனும் பாரதியாரும் முருகனும் வரிசையாக வருவார்கள். இப்போது ஸ்பைடர்மேனும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டான். விவரம் தெரிந்த பிள்ளைகள் கடையில் தொங்கும் பளபளப்பான உடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. படத்தில் அவன் தன் கையால் செய்துகொண்ட முதல் உடைதான் அவர்களுக்கு வேண்டும்: கையில்லாத சிவப்பு ஹூடி, உள்ளே நீல முழுக்கைச் சட்டை, நீலக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி.

இதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ஆயத்த உடையை வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். லைக்ராவில் உடம்போடு ஒட்டத் தைக்கலாம். பாலியஸ்டர் துணியில் அச்சடித்துத் தைக்கலாம். பனியன் துணியை வெட்டித் தைக்கலாம். வீட்டில் கிடக்கும் பழைய ஹூடியையும் டிராக் பேன்ட்டையும் மாற்றியமைக்கலாம். சேலத்தில் குகை என்னும் பகுதியில் தையல் தொழில் செய்கிறவள் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடியாடும் பிள்ளைக்குப் பழைய உடையை மாற்றியமைப்பதுதான் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் பருத்திப் பனியன் துணி. லைக்ரா அதற்கும் பிறகுதான். இதை ஏற்காதவர்களும் இருப்பார்கள், அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன்.

எந்த உடையை நகலெடுக்கிறோம்?

ஸ்பைடர்மேன் முதன்முதலில் வந்தது 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டசி’ 15ஆம் இதழில். கதை ஸ்டான் லீ, ஓவியம் ஸ்டீவ் டிட்கோ. பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவன் தன் உடையைத் தானே தயாரித்துக்கொள்கிறான். அந்த உடையைப் பாருங்கள்: கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரு சுருக்கம் இல்லை, சிவப்புப் பகுதி முழுவதும் வலைக்கோடு, அக்குளின் கீழே தனியாக ஒரு வலை. ஓவியமாக அது அற்புதம். தையற்காரியின் கண்ணோடு பார்த்தால், பள்ளி மாணவன் தன் அறையில் உட்கார்ந்து தைக்கக்கூடிய உடை அது இல்லை. உடம்போடு அப்படி ஒட்ட வேண்டுமானால் நான்கு பக்கமும் இழுபடும் துணி வேண்டும். அந்த இழுவையைத் தருவது எலாஸ்டேன் இழை. டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் அதை உருவாக்கியது 1958இல். நாம் லைக்ரா என்று சொல்வது அந்த இழையின் வணிகப் பெயர். கதை வெளிவந்த காலத்தில் அது சந்தைக்குப் புதுசு. ஒரு மாணவன் கடைக்குப் போய் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிவருகிற சரக்காக அது இருந்திருக்க வழியில்லை.

2017இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தின் உடை இந்தச் சிக்கலை நேர்மையாகத் தீர்த்தது. அதில் வரும் பையனிடம் என்ன இருக்குமோ அதை வைத்தே உடை செய்திருக்கிறார்கள். விளையாட்டு உடுப்பு, ஒரு ஹூடி, ஒரு பழைய கண்ணாடி. சட்டையில் வலைக்கோட்டு வேலைப்பாடு கிடையாது, மார்பில் ஒரு சிலந்திச் சின்னம் மட்டும். துணி முழங்காலில் தொளதொளக்கிறது, இடுப்பில் மடிகிறது. அவனிடம் இருந்த துணி அவ்வளவுதான் என்பதை அந்த மடிப்புகள் காட்டுகின்றன. அதைத் திருத்தி ‘அழகாக’ தைத்தால் உடை வேறாகிவிடும்.

ஆகவே தையற்காரரிடம் போகும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: காமிக்ஸில் வரும் உடையா, படத்தில் அவன் முதலில் போட்ட உடையா? என்னிடம் ஒரு தாய் லைக்ராத் துணியோடு வந்தார். கூடவே வந்த பத்து வயதுப் பையன் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “அத்தை, படத்தில் இந்த மாதிரி உடையை அவனுக்கு வேறொருவர் செய்து கொடுத்தார். நான் கேட்டது அவனே செய்தது” என்றான். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. எதை நகலெடுக்க வேண்டும் என்பதில் அவனுக்கு எங்களைவிடத் தெளிவு இருந்தது. “அக்கா, அவன் சொல்கிறபடியே வைத்துக்கொள்ளுங்கள்” என்று தாயும் ஒத்துக்கொண்டார்.

நிற்கிற வேடமும் ஓடுகிற வேடமும்

சேலத்துக்காரர்களுக்கு வேடம் கட்டுவது புதிதில்லை. ஆடித் திருவிழாவில் எங்கள் குகை மாரியம்மன், காளியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அலங்கரித்த வண்டியில் சிவனும் பார்வதியும் திருமாலும் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்து வருவார்கள். அந்த உடைகளைத் தைப்பதற்கென்றே ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. சாட்டின், வெல்வெட், ஜரிகைப் பட்டி, உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ். தையல் எல்லாம் நேர்த்தையல். பத்தடி தள்ளி நிற்பவர்களின் கண்ணில் விளக்கொளி பட்டு மின்ன வேண்டும், அதுதான் கணக்கு. முதுகுப் பக்கம் ஊக்கு குத்தியிருந்தாலும் பாதகமில்லை.

அந்தப் பக்குவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உடை மேடையிலேயே கிழியும். சூப்பர்ஹீரோ வேடம் போட்ட பிள்ளை முதல் நிமிடத்திலேயே குத்த வைத்து உட்காருவான், கையைத் தலைக்குமேல் தூக்குவான், சுவரில் ஏறப் பார்ப்பான். உடை எங்கே இழுபடும் என்று பார்த்துத் தைக்க வேண்டும். அக்குள், கவட்டை, முழங்கால், பின் இடுப்பு ஆகிய நான்கு இடங்களும் தாங்கினால் மற்றது தானாகத் தாங்கும். கீழே சொல்லும் வழிகளை எல்லாம் இந்த நான்கு இடங்களை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

ஆயத்த உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன்ஸி ஸ்டோரிலும் இணையத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் மெல்லிய பாலியஸ்டர், முதுகில் ஜிப். ஒரே நாள், ஒரே மேடை, கையில் நேரமும் இல்லை என்றால் வாடகைக்கு எடுங்கள், தவறில்லை. வாங்குவதாக இருந்தால் கவட்டைத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். ஆனால் வீட்டில் செய்த உடையின் ஆயத்த நகல் என்பது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளை எதற்காக அந்த உடையைக் கேட்டானோ அதுவே அங்கே இல்லாமல் போய்விடுகிறது.

அச்சடித்த துணியும் அப்படித்தான். விளையாட்டு ஜெர்சிகளுக்குச் செய்வதுபோல, காகிதத்தில் அச்சிட்ட படத்தைச் சூட்டில் துணிக்கு மாற்றுகிற சப்ளிமேஷன் முறை அது. அந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. துணியும் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். காமிக்ஸ் உடையின் வலைக்கோடுகள் பிசிறில்லாமல் வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை. இருபது பிள்ளைகள் ஒரே மாதிரி ஆட வேண்டிய நடனக் குழுவுக்கும் இது சரி. ஒரே ஒரு பிள்ளைக்காக இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

லைக்ரா: யாருக்கு, எப்படி

லைக்ராவைத் தள்ளிவிட முடியாது. காமிக்ஸ் உடைதான் வேண்டும் என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால் அதைத் தவிர வேறு துணியில் அது அமையாது. கடைவீதியில் நடன உடைகளுக்கு விற்கும் லைக்ராவைக் கேளுங்கள். வாங்கும்போது நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். அகலத்தில் மட்டும் இழுபட்டால் அது சுரிதார் பேன்ட்டுக்கு ஆகும், இதற்கு ஆகாது. நான்கு விரல் அகலத் துணி ஆறு விரல் அகலத்துக்கு இழுபட்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் தொய்ந்து நின்றால் முழங்காலில் பை விழும்.

அளவு எடுப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். சட்டைக்கு உடம்பு அளவோடு இரண்டு மூன்று அங்குலம் கூட்டித்தான் நமக்குப் பழக்கம். லைக்ராவுக்குக் குறைக்க வேண்டும். மார்பு 28 அங்குலம் என்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஏறத்தாழ 25 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். நீளத்தில் அவ்வளவு குறைக்கக் கூடாது. ஒரே துண்டாகத் தைப்பதென்றால் இன்னொரு அளவு கட்டாயம் வேண்டும்: தோளில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கவட்டையின் கீழே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவந்து எடுக்கிற சுற்றளவு. இது குறைந்தால் பிள்ளையால் கையைத் தூக்கவே முடியாது. தூக்கினால் கவட்டை மேலே இழுக்கும், அல்லது தையல் விட்டுவிடும்.

தையலுக்கு வருவோம். வீட்டிலிருக்கும் கறுப்பு மிஷினின் நேர்த்தையல் லைக்ராவில் நிற்காது. துணி இழுபடும், நூல் இழுபடாது, பட்டென்று அறுந்துவிடும். துணியின் ஓரத்தை நூல் சுற்றித் தைக்கும் நான்கு நூல் ஓவர்லாக் மிஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம், புடவைக்கு பீக்கோ அடிக்கும் மிஷின் இல்லாத தெரு சேலத்தில் இல்லை. பீக்கோ மிஷின் அடிப்பது வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல். அதன் அகலத்தைக் குறைத்து ஒரு மில்லிமீட்டர் அளவில் வைத்து அடித்தால் தையல் துணியோடு சேர்ந்து இழுபடும். ஊசியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பனியன் துணிக்கென்று முனை சற்றே உருண்ட பால் பாயிண்ட் ஊசி இருக்கிறது, 11ஆம் எண் போதும். கூர்முனை ஊசி எலாஸ்டேன் இழையைக் குத்தி அறுக்கும். அறுந்த இடம் முதல் நாள் தெரியாது, இரண்டாம் முறை போடும்போது சின்னச் சின்ன ஓட்டைகளாகத் தெரியும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் எனக்கு இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, முதுகு ஜிப் வைத்த ஒரே துண்டு உடையைப் பிள்ளையால் தானாகக் கழற்ற முடியாது. ஆண்டுவிழா மாலையில் மேடைக்குப் பின்னால் சிறுநீர் கழிக்கப் போக முடியாமல் அழும் குழந்தைகளைப் பார்க்கிறோம். அது அந்தப் பிள்ளைக்குப் பெரிய அவமானம். லைக்ராவில் தைத்தாலும் இடுப்பில் பிரித்து மேலுடை, கீழுடை என்று இரண்டாகத் தையுங்கள். சேர்கிற இடத்தைப் பெல்ட் வடிவச் சிவப்புப் பட்டி மறைத்துவிடும். இரண்டாவது, வெயில். லைக்ராவோடு கலந்து வருவது பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது நைலான், வியர்வையை உறிஞ்சாது. மார்ச் மாதக் கடைசியில் சேலத்துப் பள்ளி மைதானத்தில் இரண்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

பனியன் துணி

நம் ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பூர் இருக்கிறது. இந்த உடையைத் தைக்க இதைவிட வசதியான இடம் எது? பனியன் துணியின் இழுவை இழையில் வருவதில்லை, பின்னலில் வருகிறது. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்து நிற்பதால் பருத்தியாக இருந்தாலும் இழுபடும். லைக்ரா அளவுக்கு இல்லாவிட்டாலும் முன்பு சொன்ன நான்கு இடங்களுக்கும் போதும், ஏனென்றால் இது உடம்பை ஒட்டித் தைக்கிற உடையும் இல்லை.

பனியன் துணியை எடைக்கு விற்பார்கள். மீட்டரில் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு அது தலைசுற்றும். கணக்கு எளிதுதான். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எவ்வளவு என்பதுதான் ஜி.எஸ்.எம். 60 அங்குல அகலத்தில், டி-சட்டைக்குப் போடும் மெல்லிய சிங்கிள் ஜெர்சி 180 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு கிலோவுக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று மேலே வரும். உள்பக்கம் நூல் வளையங்கள் தெரியும், சற்றுக் கனமான லூப்நிட் 240 ஜி.எஸ்.எம். என்றால் இரண்டே முக்கால் மீட்டர். 300 ஜி.எஸ்.எம். பிளீஸ் என்றால் இரண்டு மீட்டரும் கொசுறும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நீலத்தில் சட்டையும் கால்சட்டையும், சிவப்பில் ஹூடியும் முகமூடியும் வெட்டுவதற்கு லூப்நிட்டில் நிறத்துக்கு ஒரு கிலோ வாங்கினால் மிஞ்சும்.

எந்தக் கனம் என்பதை எந்த ஊரில் போடப்போகிறான் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இதில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. உள்பக்கம் பஞ்சு போன்ற பிளீஸ்தான் படத்தில் உள்ள தோற்றத்துக்கு மிக அருகில் வரும். மலைமேல் விடுதிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு டிசம்பர், ஜனவரியில் அதைத் தைத்துக் கொடுத்தால் விழா முடிந்தும் குளிருக்குப் போட்டுக்கொள்வான். அதே துணியை அடிவாரம் தாண்டி அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவந்து ஏப்ரலில் போடச் சொன்னால் கொடுமை. சமவெளிக்கு நான் சொல்வது, வெளியே தெரியும் ஹூடியை மட்டும் லூப்நிட்டில் வெட்டுங்கள், உள்ளே நீலச் சட்டையாக உடம்பு முழுவதையும் தைக்காமல், நீலக் கைகளை மட்டும் சிங்கிள் ஜெர்சியில் தைத்து ஹூடியின் கைச்சுற்றோடு இணைத்துவிடுங்கள். பார்ப்பவர்களுக்கு இரண்டு சட்டை தெரியும், பிள்ளையின் உடம்பில் ஒன்றுதான் இருக்கும்.

வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். பருத்திப் பனியன் துணி முதல் சலவையில் சுருங்கும், நீளத்தில் கூடுதலாகச் சுருங்கும். சிவப்பு நிறத்தைத் தனியாக நனையுங்கள். ஒரு மூலையை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் ஏறினால், நிறம் விடாத வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே நீலத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் வியர்க்கும்போதே நீலக் கையில் சிவப்பு இறங்கும். நான்கைந்து பிள்ளைகளுக்குச் சேர்த்துத் தைப்பதென்றால் ஒரே லாட் துணியாக, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணியாக வாங்குங்கள். அடுத்த வாரம் போய் ‘அதே சிவப்பு’ கேட்டால் கிடைப்பது வேறு சிவப்பு.

இதை வீட்டு மிஷினில் நேர்த்தையலிலேயே தைக்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தையலைச் சற்றுப் பொடியாக வைத்து, ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பிடித்தபடி ஓட்ட வேண்டும். பிடியை விட்டதும் தையல் சிறிதாகச் சுருங்கி நிற்கும், அந்தச் சுருக்கம்தான் இழுபடும்போது கைகொடுக்கும் உபரி நூல். அதிகம் இழுத்தால் ஓரம் அலையலையாகிவிடும். முதலில் ஒரு துண்டுத் துணியில் ஓட்டி, தையலை நீளவாக்கில் பலமாக இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் இன்னும் பொடியாக்குங்கள். அக்குளுக்கும் கவட்டைக்கும் இரண்டு ஓட்டு ஓட்டி, அந்த இரண்டு இடங்களை மட்டும் ஓவர்லாக் அடிக்கும் கடையில் கொடுத்து வாங்கினால் போதும்.

பழைய உடையிலிருந்து

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த வழி இது. கதையில் உள்ள பையன் செய்ததற்கு மிக அருகில் வருவதும் இதுதான். சிவப்பு ஹூடி ஒன்று, நீல டிராக் பேன்ட் ஒன்று, நீல முழுக்கை டி-சட்டை ஒன்று. வீட்டில் இல்லாவிட்டால் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு கிடைக்கும். பிள்ளையின் அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். குறைப்பது எளிது, கூட்ட முடியாது.

ஹூடியின் கைகளைத் தோள் தையலிலேயே வெட்டிவிடாதீர்கள். தையலுக்கு ஒரு அங்குலம் வெளியே வெட்டி, உள்பக்கம் மடித்து அடியுங்கள். தோள் தையல் அப்படியே இருந்தால் சட்டையின் வடிவம் கெடாது. வெட்டியெடுத்த இரண்டு கைகளும் வீணில்லை, ஒன்றில் முகமூடி வரும், மற்றொன்றில் கையுறையும் கணுக்கால் பட்டியும் வரும். ஒரு துண்டும் வெளியே போகாமல் உடை முடிகிறது. டிராக் பேன்ட் தொளதொளவென்று இருந்தால் முழங்காலுக்குக் கீழே மட்டும் உள்பக்கத் தையலைப் பிடித்துக் குறையுங்கள். தொடையில் கை வைக்காதீர்கள், ஓடுவதற்கு அந்த இடம் வேண்டும்.

தம்பிக்கும் அதேபோல் ஒன்று வேண்டும் என்று வந்து நிற்பார்கள், நிச்சயம். அப்போது அண்ணனின் உடையைப் பிரிக்காமலே நகலெடுக்கலாம். கட்டில் மெத்தையின்மேல் செய்தித்தாளை விரித்து, சட்டையை நடுவில் நேராக மடித்து அதன்மேல் வையுங்கள். தையல் போகிற வழியெல்லாம் குண்டூசியால் தாள்வரை குத்திக்கொண்டே போங்கள். சட்டையை எடுத்தால் தாளில் புள்ளிக்கோடு நிற்கும். அதை இணைத்து, சுற்றிலும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தையலுக்கு விட்டு வெட்டினால் பேப்பர் கட்டிங் தயார். தம்பிக்குச் சிறிதாக்கும்போது கோட்டைச் சுற்றிலும் ஒரே அளவு உள்ளே தள்ளக் கூடாது. மார்பில் குறைப்பதை முன்னும் பின்னுமாகப் பக்கத் தையல்களின் நான்கு ஓரங்களுக்கும் பங்கிடுங்கள், கைச்சுற்றை மிகக் கொஞ்சமாகவே குறையுங்கள், கழுத்தில் தலை நுழைகிறதா என்று டேப்பால் பார்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது.

முகமூடியும் சின்னமும்

முகமூடிக்கு இரண்டு துண்டு போதும். பக்கவாட்டு முகத்தின் வடிவில் இரண்டு வெட்டி, தாடையிலிருந்து மூக்கு, நெற்றி, உச்சி வழியாகப் பிடரி வரை நடுத்தையல் போட வேண்டும். மூக்குக்குக் கீழே உள்பக்கம் துணி இரட்டிப்பாக வேண்டாம், மூச்சு முட்டும்.

கண்ணுக்கு என்ன வைப்பது என்பதில் வட்டக் கண்ணாடி, வலைத்துணி என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. பட்டறைகளில் கேஸ் வெல்டிங்குக்குப் போடுகிற வட்டக் கண்ணாடியின் சட்டம் படத்தில் உள்ளதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் வில்லையைக் கழற்றிவிட வேண்டும். தீச்சுடரைப் பார்ப்பதற்காகச் செய்த இருட்டு அது, மேடைப் படிக்கட்டு தெரியாது. வேறு கண்ணாடி போட்டால் மூச்சுக்காற்று பட்டு ஆவி படியும், அதுவும் ஏற்காட்டுக் குளிரில் சட்டென்று படியும். சேலத்தில் வியர்வை வழியும். இரண்டு ஊருக்கும் பொருந்துவது, சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே கறுப்புக் கொசுவலையை இரண்டடுக்காகத் தைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு வில்லை போலவே இருக்கும், உள்ளிருந்து தெளிவாகத் தெரியும், ஆவி படிய இடமில்லை. முகமூடியோடு இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்லாதீர்கள், மாடிப் பக்கம் விடாதீர்கள். பக்கப் பார்வை எதை வைத்தாலும் குறையத்தான் செய்யும்.

மார்புச் சின்னத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள் என்பேன். பழைய எக்ஸ்ரே தாளில் சிலந்தியை வெட்டி அச்சாக்கி, சட்டைக்குள் அட்டையைச் செருகி, கறுப்புத் துணிச்சாயத்தைப் பஞ்சால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தூரிகையால் தேய்த்தால் சாயம் அச்சின் ஓரத்துக்குள் புகுந்துவிடும், ஒற்றினால் புகாது. அட்டை இல்லாவிட்டால் முதுகிலும் ஒரு சிலந்தி வரும். ஒரு நாள் முழுவதும் காய்ந்த பிறகு, சட்டையைத் திருப்பி உள்பக்கத்தில் இஸ்திரி போட வேண்டும். ஒரு கால் கோணலாக விழுந்தால் விழட்டும், அவன் கையால் போட்டது.

காமிக்ஸ் உடைக்கு வலைக்கோடு வரைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகமூடியில் கோடுகள் எல்லாம் இரண்டு கண்களுக்கு நடுவிலிருந்து புறப்படுகின்றன. முதலில் அந்தக் கதிர்க்கோடுகளை வரைந்து முடித்துவிட்டுப் பிறகுதான் குறுக்கு வளைவுகள். ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கும் அவுட்லைனர் சாயத்தால் வரைவதென்றால் துணியைப் பிள்ளையின் உடம்பளவுக்கு இழுத்துக் கட்டிய நிலையில் வரைய வேண்டும். தளர்ந்த துணியில் வரைந்தால் போட்டதும் இழுபட்டு வெடித்து உதிரும்.

நாள் கணக்கையும் பார்த்து முடிவெடுங்கள். துணியை நனைத்துக் காயவைக்க, வெட்ட, தைக்க, ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்த, சாயம் காய என்று பனியன் துணிக்கு ஒரு வாரம் வேண்டும். பழைய உடையை மாற்றுவது சனி, ஞாயிறில் முடிந்துவிடும். லைக்ராவுக்குப் பத்து நாளாவது தையற்காரருக்குக் கொடுங்கள், விழா நெருங்கும்போது எங்கள் கடைகளில் யாருக்கும் கை ஒழியாது. எந்த வழியில் தைத்தாலும் கால்சட்டையின் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவன் வளர்ந்துவிடுவான். மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய மடிப்புக்கோடு சற்று வெளுத்துத் தெரியும், அதன்மேல் மிஞ்சிய சிவப்புத் துணியில் ஒரு பட்டி வைத்து அடித்துக் கொடுத்துவிடலாம்.